நூற்றுப் பன்னிரண்டாவது ட்ரே

நான் பயந்த எதுவும் இதுவரை நடந்ததில்லை. அதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. ஒன்றிரண்டாவது நடந்து தொலைத்திருந்தால் என் பயத்துக்கு இந்த வீட்டில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி, அத்தான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்குப் போட வேண்டிய சட்டை. அதற்கு இன்று காலை ஆறு மணிக்கே காலர், கைமடிப்பு, பித்தான் ஓரம் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே மரத்தின் உச்சிக் கிளையை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது நாளாக ஓயாமல் அடித்த காற்று, அன்றுதான் கொஞ்சம் சோர்ந்திருந்தது.

“என்ன பூட்டு, தூங்கலையா?”

“தூங்கினேன் அத்தான்.”

“பொய். கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. நாளைக்குப் பறக்கப்போறது நான். நான் விட்ட குறட்டையில வீடே ஆடுச்சுன்னு உங்க அக்கா புலம்புறா. நீ எதுக்கு முழிச்சுக்கிட்டுக் கிடக்குற?”

பூட்டு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். கதவைப் பூட்டிய பிறகு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் பார்ப்பாள். பதினொரு வயதில் ஒரு தடவை, பஸ்ஸில் பாதி வழி போன பிறகு, அடுப்பை அணைக்கவில்லை என்று அழுது ஊரைக் கூட்டி, அப்பா அம்மா அக்கா மூன்று பேரையும் இறங்கவைத்து, உச்சி வெயிலில் நடத்தியே கூட்டிவந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. போக வேண்டிய கல்யாணம் முடிந்தேபோயிற்று. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. கதை மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் அக்கா அதை எடுத்துவிடுவாள்.

அக்கா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரிப் பெட்டியின் கம்பியைத் தாண்டி நடந்தாள். கணவனின் முதுகில் ஈரக் கையை வைத்து, “போதும், துணி ஓட்டையாயிடும்” என்றாள். அப்படி அவள் சிரித்துப் பேசி எத்தனை மாதமாயிற்று என்று இவளுக்கு எண்ணத் தோன்றியது. எண்ணாமல் தேநீரைக் குடித்தாள்.

அவளும் அத்தானும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். நாற்பத்தோரு பேர் உள்ள சின்ன கம்பெனி. ஒன்பது பேர் உட்காரக்கூடிய ஒரு விமானம், அது மட்டும்தான் அவர்கள் செய்வது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. புகை கிடையாது. இரண்டு இறக்கைகளும் உடம்போடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு பேட்டரிப் பெட்டிகள். அந்த நான்கு பெட்டிகளும் அவள் பொறுப்பு. ஸ்கூட்டர் பேட்டரி செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடம் இருந்துவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு இங்கே ஓடிவந்தவள். அவ்வளவு பயந்தவள் ஏன் விமானத்தில் போய்க் கை வைத்தாள் என்று அக்கா கேட்டதுண்டு. பயந்தவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்று நேர்முகத் தேர்வில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அவளைக் கேலி செய்ய வைத்த ஒரு குணத்துக்கு, அங்கேதான் முதன்முதலாக ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வேலை மீது அவளுக்குக் கொள்ளை ஆசை. காலையில் ஹேங்கர் கதவைத் திறக்கும்போது, சாயம் கூடப் பூசாத அந்த விமானம் நிற்பதைப் பார்த்தால், பிள்ளை எழுந்துவிட்டதா என்று தொட்டிலை எட்டிப்பார்ப்பது போல இருக்கும்.

விமானி வேண்டும் என்று தேடியபோது அத்தானின் பெயரைச் சொன்னவளும் அவள்தான். பெரிய விமானங்கள் ஓட்டியவர். ஆட்குறைப்பில் வேலை போய் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். நாளைக் காலை அந்த விமானத்தை முதல் தடவையாக மேலே ஏற்றி, மைதானத்தைச் சுற்றி ஆறு நிமிடத்தில் இறக்கிவிட்டால், அவர் அந்தக் கம்பெனியின் நிரந்தர விமானி. அவளும், பேட்டரியில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்ட பொறியாளர்.

“ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாமா?” என்று கேட்டார் அத்தான்.

“நீங்க முன்னாடி போங்க அத்தான். எனக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.”

அவரோடு ஒரே வண்டியில் உட்கார்ந்து போக அவளுக்குத் தைரியமில்லை.

நேற்று மதியம்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பவை கட்டை விரல் பருமனில் சின்னச் சின்ன செல்கள். மொத்தம் ஏழாயிரத்து இருநூறு. ஒரு ட்ரேயில் நாற்பது வீதம் நூற்றெண்பது ட்ரேக்கள். வந்த செல்களை அப்படியே பெட்டியில் போட முடியாது. சார்ஜ் ஏற்றி, ஒரே சூட்டில் வைத்திருக்கும் அறையில் இருபத்தொரு நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். முதல் நாள் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் படித்து எழுதுவார்கள். கடைசி நாள் மறுபடி படிப்பார்கள். நல்ல செல் சும்மா இருக்கும்போது ஒன்று, இரண்டு மில்லிவோல்ட் இறங்கும். ஐந்துக்கு மேல் இறங்கினால் அதற்கு உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேலை அவ்வளவுதான். பொறுமைதான் வேண்டும்.

கம்ப்யூட்டர் தயாரிக்கும் அறிக்கையில் எல்லா ட்ரேயும் தேறியிருந்தது. நேற்று கோப்புகளை மூடிவைப்பதற்கு முன், வழக்கம் போல, பூட்டை இழுத்துப் பார்ப்பது போல, மூல அளவுகளைத் திறந்து பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது ட்ரேயில் சில செல்கள் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தன. இரண்டு, மூன்று மில்லிவோல்ட். சும்மா கிடக்கும் செல் தானாக ஏறாது. மலையடிவாரத்தில் வைத்த கல் உருண்டு மேலே போகுமா? ஏறினால் மீட்டர் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யமாக்கிவிடும். அதனால் அறிக்கையில் தெரியவில்லை.

ஏதோ தோன்றி, இருபத்தொன்றாவது நாள் அளவுகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதிப் பார்த்தாள். எல்லாம் அணிவகுப்பு போல வந்து நின்றன. ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. இரண்டே இரண்டு செல்களைத் தவிர. ஒன்று ஏழு இறங்கியிருந்தது. இன்னொன்று எட்டு. இரண்டாம் தடவை படிக்கும்போது ட்ரே தலைமாறி இருந்ததால், கம்ப்யூட்டர் ஒரு செல்லின் முதல் அளவை வேறொரு செல்லின் இரண்டாவது அளவோடு கழித்ததில், இந்த இரண்டும் நான்கு, ஐந்து என்று எல்லைக்குள் ஒளிந்துகொண்டிருந்தன.

அந்த ட்ரேயின் செல்கள் மூன்றாவது பெட்டிக்குள் போய் மூன்று வாரமாகிவிட்டது. ஆயிரத்து எண்ணூறு செல்களுக்கு நடுவில், எங்கே என்று தெரியாது. தகடு வைத்து வெல்டிங் அடித்து, மேலே பசை ஊற்றி மூடியாயிற்று.

இன்று அவள் போய்ச் சேர்ந்தபோது ஹேங்கருக்குள் காற்று இன்னும் தகரக் கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தூசி வரக் கூடாது என்று பெரிய கதவைப் பாதிதான் திறந்திருந்தார்கள். ஸ்பிரிட் வாடையும், சூடான பிளாஸ்டிக் வாடையும். வெல்டிங் அக்கா தன் மேஜையில் குனிந்து, மாற்றுப் பெட்டி ஒன்றுக்கு நிக்கல் தகடு வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக். நிமிடத்துக்கு முப்பது. நாற்பத்தைந்து வயதில் அந்த இடத்திலேயே கண் கூர்மையான ஆள் அவள்தான். செல் வரும்போது ட்ரேயும், மேஜையும், வெல்டிங்கும் அவள் பொறுப்பு. மற்ற நாளில் வாயும்.

“வாம்மா வா. நாளைக்கு இது மேல போச்சுன்னா அப்புறம் எங்களையெல்லாம் கண்ணு தெரியாது உனக்கு. டிவில வருவ. இப்பவே நல்லதா ஒரு துணி எடுத்து வெச்சுக்கோ. இந்தச் சட்டையில வந்து நின்னேன்னா நான்தான் கஞ்சி ஊத்தாம விட்டேன்னு சொல்லுவாங்க.”

“அக்கா, ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது ரீடிங் எடுத்த அன்னைக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி, சீஃப் என்னை ஃபோனுக்குக் கூப்பிட்டாரு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. போனவ அரை மணி நேரமா ஆளைக் காணோம்.”

“நான் திரும்பி வரப்ப மேஜைல ஒரு ட்ரே இருந்துச்சு. நீங்க வெச்சீங்களா?”

“நான்தான். வந்ததும் ரெடியா இருக்கட்டுமேன்னு அடுத்ததை எடுத்து வெச்சேன். ஏன்?”

“எப்படி வெச்சீங்க? லேபிள் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

வெல்டிங் அக்கா ஒரு காலி ட்ரேயை எடுத்தாள். கையில் பிடித்த வாக்கிலேயே மேஜையில் வைத்தாள். லேபிள் வலது பக்கம் இருந்தது.

“இப்படித்தான். எல்லாரும் இப்படித்தானே வைப்பாங்க?”

எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள், அவளைத் தவிர. அவள் இடது கைக்காரி. அளவெடுக்கும் ஊசியை இடது கையில் பிடிப்பதால் லேபிள் இடது பக்கம் இருக்கும்படி வைத்துப் படிப்பாள். நூற்றெண்பது ட்ரேயையும் இரண்டு தடவையும் அவளே எடுத்து, அவளே வைத்து, அவளே படித்தாள். வேறு யாரையும் நம்பவில்லை. யாரும் தொடக் கூடாது என்றுகூடச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு ட்ரேயை ஒருத்தி அன்பாக எடுத்து வைத்திருக்கிறாள்.

நேற்றிலிருந்து அவளுக்குள் ஒரு மூலையில், இதுவும் அடுப்பு மாதிரித்தான் இருக்கும் என்று ஒரு நப்பாசை உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போய்விட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வெல்டிங் அக்காவின் முகம் மாறியது. “ஏதாவது தப்பாயிடுச்சா? என் தலையிலயா விடியப்போகுது?”

“இல்லக்கா. பார்க்காம படிச்சது நான்.”

“எதையும் மூணு தடவை பார்ப்பியேம்மா நீ.”

“அன்னைக்குப் பார்க்கல.”

சீஃப்பின் அறை என்பது ஹேங்கரின் மூலையில் கண்ணாடி வைத்து அடைத்த ஒரு கூண்டு. தலைமைப் பொறியாளர் என்பதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. கத்தத் தெரியாத மனிதர். பதினொரு வருடமாக இந்த ஒரு விமானத்தையே கட்டிக்கொண்டு அழுதவர். அவள் கொண்டுபோன தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெறுங்கண்ணோடு இன்னொரு தடவை படித்தார்.

“உக்காரும்மா.”

உட்கார்ந்தாள்.

“ஏழாயிரத்து இருநூறுல ரெண்டு.”

“ஆமா சார்.”

“ஏழும் எட்டும். இருபதோ முப்பதோ இல்ல.”

“இல்ல சார்.”

“பெட்டியில வெச்சு நாலு தடவை முழுசா சார்ஜ் பண்ணி இறக்கிட்டோம். ஒண்ணும் ஆகல.”

“ஆகல சார். ஆனா எழும்புறப்ப இழுக்கிற கரண்டை நாம தரையில இழுத்ததே இல்லையே. ஒண்ணு பத்திக்கிட்டா பக்கத்துல பரவாதுன்னு டெஸ்ட் பண்ணியிருக்கோம். ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு பண்ணல.”

“இருக்காதும்மா.”

“இருக்காதுன்னு எனக்குத் தெரியாது சார்.”

வெளியே டிக் டிக் சத்தம் நின்றிருந்தது. கண்ணாடி வழியாக வெல்டிங் அக்கா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சீஃப் மேஜைத் தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அதை அழித்தார்.

“பெட்டியைத் திறந்தாலும், மாத்துப் பெட்டி முடியுற வரைக்கும் காத்திருந்தாலும் நாலு வாரம். நாளைக்கு வர்ற ஆய்வாளர் திரும்ப எப்ப வருவாருன்னு தெரியாது. காத்து திரும்ப எப்ப அடங்கும்னு தெரியாது. பணம் போட்டவங்க இன்னொரு தேதியைக் கேட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்க மாட்டாங்க. இந்த ஹேங்கரை மூடிருவாங்கம்மா. நாப்பத்தோரு பேரு.”

“தெரியும் சார்.”

“கையெழுத்துப் போட மாட்ட.”

அவள் அந்தத் தாளை மேஜை விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். அவர் நெடுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. உனக்கு உடம்பு சரியில்லைனு நினைக்கிறேன். நாளைக்கு லீவு எடுத்துக்கோ.”

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பறக்கும் முன் ஒரு படிவம் உண்டு. அதில் பேட்டரிக்கு அவள் கையெழுத்து வேண்டும். அவள் வேலைக்கு வந்திருந்து போட மறுத்தால் யாராலும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவள் லீவில் இருந்தால் சீஃப் போடலாம். விதியை எழுதியவரே அவர்தான்.

“இந்தத் தாள் என் மேஜையில இருக்கட்டும். நான் பார்த்துட்டேன், நான் முடிவு பண்றேன். ஏதாவது ஆச்சுன்னா அது என் தலை. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. போய்ப் படும்மா.”

வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஏனென்றால் அந்த வார்த்தையைக் கேட்டதும் உடம்பெல்லாம் தளர்ந்து, அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அவளுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. சீஃப் அத்தானிடம் எதையும் மறைக்கவில்லை. தாளையே காட்டியிருக்கிறார்.

அக்கா சோறு வடித்து, பருப்பும் கீரையும் வைத்து, முட்டை பொரித்திருந்தாள். மூன்று தட்டுகளையும் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். யாரும் கை வைக்கவில்லை.

“உக்காரு. ஆறிடும்” என்றார் அத்தான் அக்காவிடம். பிறகு இவள் பக்கம் திரும்பினார். “பூட்டு, நேராவே கேக்குறேன். நான் பறந்த இத்தனை வருஷத்துல எத்தனை தடவை என்ஜின்ல கோளாறு வந்திருக்கு தெரியுமா? ஒரு தடவை ஒரு பக்கம் முழுசா நின்னே போச்சு. இறக்கிட்டு வந்து இங்க சாப்பிட்டேன். உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லல.”

“என்னது?” என்றாள் அக்கா.

“பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்ப சண்டை போடாத. நான் சொல்ல வர்றது வேற. எந்த விமானமும் சுத்தமா குறை இல்லாம மேல போறதில்ல. இருக்குற குறை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறோம். இதுவும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணாவது பெட்டியில சூடு ஏறினா உடனே இறக்கிருவேன். ஆறே நிமிஷம்.”

“பத்திக்கிட்டா ஆறு நிமிஷம் இருக்காது அத்தான்.”

“எவ்வளவு இருக்கும்?”

“ஒண்ணரை. ரெண்டு.”

அத்தான் முட்டையைப் பிய்த்தார். சாப்பிடவில்லை.

“பத்திக்கும்னு உனக்குத் தெரியுமா? இல்ல, பத்திக்குமோன்னு பயமா?”

நியாயமான கேள்வி. நேற்று மதியத்திலிருந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். இரண்டுக்கும் உடம்புக்குள் ஒரே இடம். ஆனால் ஒரு வித்தியாசத்தை அவள் கவனித்திருந்தாள். மற்ற பயங்கள் ஈ மாதிரி. விரட்டினால் பறந்துபோய் வேறெதன் மேலாவது உட்காரும். பூட்டிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து மழைக்கு. இது உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. விரட்டிப் பார்த்துவிட்டாள். மூன்றாவது பெட்டியின் மேலேயே இருந்தது. இதை எப்படிச் சொல்வது? சொன்னால், பயத்தில் இத்தனை வகை வைத்திருக்கிறாயா என்று சிரிப்பார்கள்.

“பத்திக்கும்னு தெரியாது” என்றாள். “பத்திக்காதுன்னும் தெரியாது. தெரியும்னு சொல்றதுக்குத்தான் என் கையெழுத்து.”

“அடுப்பும் அணையலைன்னுதான் சொன்ன” என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்தார். “ஏய், விடு.”

“என்ன விடு? எத்தனை வருஷமா இவ பயத்துக்கு நாமெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கிக்கிட்டே இருக்கோம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பெரிய மனுஷன், பதினொரு வருஷம் அதிலயே கிடந்தவர், ஒண்ணும் ஆகாதுங்கிறார். ஓட்டப்போற மனுஷன் நான் பார்த்துக்கிறேங்கிறார். உனக்கு மட்டும் என்னடி?”

“அக்கா, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“வாயைக் கழுவு.”

அத்தான் எழுந்து கை கழுவப் போனார். சாப்பிடாத கையைக் கழுவினார். திரும்பி வந்து வாசற்படியில் நின்று, மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் பயமாத்தான் இருக்கு பூட்டு. இல்லைனு சொன்னா அது பொய். ஆனா நாளைக்குப் போகலைன்னா நான் என்னவா இருப்பேன்னு நினைச்சா, அது இதைவிடப் பயமா இருக்கு.” செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

அக்கா தட்டுகளை எடுத்துவைத்தாள். சோற்றைத் திரும்ப பாத்திரத்தில் போட்டாள், ஒரு பருக்கை சிந்தாமல். பிறகு வந்து இவளுடைய கட்டிலில், இவள் காலடியில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னிவிட்டவள், முதல் வேலைக்குப் போகும்போது சாப்பாடு கட்டிக்கொடுத்தவள். கோபமெல்லாம் வடிந்து, முகம் சின்னதாகத் தெரிந்தது.

“உனக்குத் தெரியாது” என்றாள் மெதுவாக. “அந்த ரெண்டு வருஷம் நீ ஹாஸ்டல்ல இருந்த. வாரத்துல ஒரு நாள் வருவ. வர்ற அன்னைக்கு மட்டும் அவர் ஷேவ் பண்ணுவார்.”

இவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“நான் குளிக்கப் போனாக்கூட கதவைச் சாத்த மாட்டேன். அவர் நடக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும் எனக்கு. சத்தம் நின்னா சோப்போட ஓடி வருவேன். நீ மூணு தடவை பூட்டை இழுக்குறதைப் பார்த்து எல்லாரும் சிரிச்சோம். நான் ராத்திரி எத்தனை தடவை எழுந்து அவர் மூச்சு விடுறாரான்னு பார்த்தேன், அதைப் பார்த்துச் சிரிக்க ஒரு ஆள் இல்ல. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டகூடச் சொல்லல. நீ தாங்க மாட்டேன்னு.”

“அக்கா...”

“திரும்ப அந்த வீட்டுக்குள்ள போக என்னால முடியாதுடி. நீ கையெழுத்துப் போடுன்னு நான் கேக்கல. உன் மனசுக்கு ஒத்து வரலைன்னா போட வேண்டாம். சரின்னும் சொல்லாத, வேண்டாம்னும் சொல்லாத. நாளைக்கு ஒரு நாள் சும்மா படுத்திரு. அவ்வளவுதான். அதுக்கு மேல நடக்குறது நடக்கட்டும்.”

அக்காவின் கை இவள் கணுக்காலைப் பற்றியிருந்தது. இத்தனை வருடமாக வீட்டில் பயந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். பயத்தை அவள் வெளியே வைத்திருந்தாள், அக்கா உள்ளே வைத்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

“யோசிக்கிறேன்” என்றாள்.

“யோசிக்காத. அதைத்தான் வேண்டாங்கிறேன்.”

விடியும்போது காற்று அடியோடு நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை அசையவில்லை. எங்கோ ஒரு வாளி வைக்கிற சத்தம் பக்கத்தில் வைப்பது போலக் கேட்டது. இப்படி ஒரு காலைக்காகத்தான் எல்லாரும் ஒன்பது நாளாகக் காத்திருந்தார்கள். அவளுக்கு அதைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. குளியலறைக்கு ஓடி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்தபோது உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியைத் தொட்டால் லேசாகச் சூடுகூட இருந்தது. படுத்துக்கொண்டால் அது பொய்யில்லை. எந்த டாக்டரும் எழுதிக்கொடுப்பார்.

படுத்தாள். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். இந்த நேரம் சீஃப் படிவத்தை எடுத்திருப்பார். அவள் பெயருக்கு நேராக ‘லீவு’ என்று எழுதி, அதன் கீழே பேனாவை வைத்திருப்பார். அவர் வலது கைக்காரர். வெல்டிங் அக்கா இரண்டு கைகளையும் இடுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். மூன்றாவது பெட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணத்துக்காக அன்று அதை மறந்திருப்பார்கள். ஞாபகம் வைத்திருக்க வேண்டிய ஒருத்தி போர்வைக்குள் இருப்பாள்.

போர்வைக்குள் அவளுடைய மூச்சு சூடாக முகத்தில் அடித்தது. மூச்சு முட்டியது. எடுத்துப் போட்டாள்.

பக்கத்து அறையில் அத்தான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். இன்னும் கிளம்பவில்லை. என்றைக்கும் பித்தான் போட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்பவர் இல்லை. பாதி திறந்த கதவு வழியாக அவர் விரல்கள் தெரிந்தன. ஒரு பித்தானைத் துளையில் விடுவதற்கு இரண்டு தடவை தவறினார். மூன்றாம் தடவை போட்டார். நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினார்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். சட்டையை மாற்றிக்கொண்டாள். குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.

அக்கா கைபேசியைக் காதில் வைத்தபடி அறைக்குள் வந்தாள். “ஆமாங்க சார். காலையிலிருந்து வாந்தி. ரெண்டு தடவை. எழுந்திருக்கவே முடியல பாவம், படுத்திருக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஷூவோடு நிற்பவளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அக்காவின் கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. கைபேசியை மார்போடு பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: “ஒரே ஒரு வார்த்தைடி. ஆமான்னு சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேன்.”

கைபேசியை நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள். கைபேசி அக்காவின் உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது.

“என்னம்மா” என்றார் சீஃப் மறுமுனையில். பின்னால் ஹேங்கரின் பெரிய கதவை முழுதாகத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது. “அக்கா சொன்னாங்க. ரொம்ப முடியலையா? சரி, பரவாயில்ல. நீ ரெஸ்ட் எடு. லீவுன்னு எழுதிக்கட்டுமா?”

அவள் சுவரில் கை வைத்துக்கொண்டாள். குரல் நடுங்காமல் வர வேண்டும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. நடுங்கிய குரலிலேயே சொன்னாள்:

“வேண்டாம் சார். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. கிளம்பிட்டேன்.”